சக்கரப் பலகை ஆட்டமும் மூன்றாவது ஓலையும்

அந்தப் பெட்டி பொங்கல் முடிந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பிரான்சிலிருந்து ஊருக்கு வந்த ஒருத்தர் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி எடுத்துவந்து கொடுத்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போனார். கறுப்புப் பெட்டி. ஜெபப் புஸ்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கூடவே ரெண்டு கையாலும் பிடித்து அமுக்குகிற கட்டை ஒன்று, வயர், ஒரே ஒரு வட்டு, அந்த வட்டைப் போட்டுவைக்கிற பிளாஸ்டிக் டப்பா. டப்பா மேலே ஒரு பையன் சக்கரம் வைத்த பலகையில் நின்றபடி ஆகாசத்தில் பறக்கிற படம்.

கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை அனுப்பினது. சங்கிலி அனுப்புவார்கள், சென்ட் பாட்டில் அனுப்புவார்கள், சாக்லேட் டப்பா அனுப்புவார்கள். விளையாட்டுப் பெட்டி அனுப்பி நான் பார்த்ததில்லை.

பெண் என் கொழுந்தன் மகள். உப்பளம் என்கிற பேட்டையில் எங்கள் வீடு, ரெண்டு பாகம். முன் பாகம் எனக்கு. பின் பாகம் என் ஓரகத்திக்கும் அவள் மகளுக்கும். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்சன் வாங்கினவர். அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தன் இந்தப் பெண்ணுக்கு ஆறு வயசு நடக்கும்போதே போய்விட்டார். அதிலிருந்து அவளுக்கு எது என்றாலும் நாலு பேர் முன்னால் நின்று பேசுவது நான்தான். அந்தச் சம்பந்தத்தையும் நான்தான் பேசி முடித்தேன். பையன் வீட்டார் பூர்வீகம் ரெட்டியார்பாளையம். முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே பிரான்சுக்குப் போனவர்கள். பையன் அங்கேயே பிறந்தவன். கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்மாவோடு வந்தான், பார்த்தான், நிச்சயம் பண்ணிக்கொண்டு போனான். தெருவில் ஒரு மாசம் அந்தப் பேச்சுதான். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அவன் இங்கே இருந்த பத்து நாளில் ஒரு சாயங்காலம் அந்தச் சக்கரப் பலகையைப் பற்றிச் சொன்னான். சின்ன வயசிலிருந்து அதில்தான் ஓடுவானாம். ஆபீசுக்குக் கூட அதில்தானாம். எங்கள் பெண் வாயை மூடிச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "பெரிம்மா, பலகை மேல நின்னு ஆபீஸ் போறவருக்கா என்னைக் குடுக்கறீங்க?" என்றாள். அவனுக்கு உடைசல் தமிழ். இருந்தாலும் புரிந்துவிட்டது. "நீயும் நில்லு, பயம் இல்ல," என்றான்.

அதற்குத்தான் அந்த ஆட்டம். அவனிடம் பழைய பெட்டி ஒன்று இருந்தது. பிறகு வேற கம்பெனிப் புதுப் பெட்டி வாங்கினான். அதே ஆட்டம் அந்தப் பெட்டிக்கும் தனி வட்டாக வந்ததாம். ஒரே ஆட்டத்தை மூணு நாலு விதப் பெட்டிக்கும் போடுவார்களாம். பழைய பெட்டியையும் வட்டையும் இவளுக்கு அனுப்பிவிட்டு, புதுசில் அவன் அங்கே விளையாடுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"எவ்ளோ? அவ்ளோதானா? நான் தோசை திருப்பிக்கிட்டே அதைத் தாண்டிட்டேன்."

ஓரகத்தி உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். "கட்டிக்கப்போறவரைப் போய் ஜெயிக்கிறியேடி. விட்டுக்குடுடி கொஞ்சம்."

"விட்டுக்குடுத்தா அவருக்கே தெரிஞ்சிடும்மா!"

பெரிய டிவி என் முன் அறையில் இருந்தது. அதனால் விளையாட்டும் அங்கேதான். நான் மொச்சை உரித்துக்கொண்டு பார்ப்பேன். தொளதொள என்று கால்சட்டை போட்ட ஒருத்தன். தண்ணியில்லாத நீச்சல் தொட்டி மாதிரி ஒரு சிமெண்டுப் பள்ளம். அதில் விழுந்து ஏறிப் பறப்பான். படிக்கட்டுக் கம்பி மேல் பலகையோடு சறுக்குவான். பறக்கப் பறக்கக் கீழே ஒரு கோடு நிறையும். அது நிறைந்தால் டிவி முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாக வெட்டி வெட்டி மின்னும். தவறினால் தலைகுப்புற விழுவான். எலும்பு முறிகிற சத்தம் கேட்கும். தரையில் ரத்தம் தெறிக்கும். மறு நிமிஷம் ஒன்றும் ஆகாதவன் மாதிரி எழுந்து நின்று மறுபடியும் ஓடுவான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. விழுகிறது கூடப் பரவாயில்லை. விழுந்தது தனக்கே தெரியாத மாதிரி அவன் எழுந்திருக்கிறானே, அதுதான் என்னமோ செய்தது.

டப்பாவுக்குள் ஒரு சின்னப் புஸ்தகம் இருந்தது. எல்லாம் பிரெஞ்சு. பெண் படித்தது தமிழும் இங்கிலீஷும். ஓரகத்தி அதைப் புரட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். "அக்கா, முதல் பக்கத்துல கட்டம் கட்டி என்னமோ போட்டிருக்கு. படமே இல்ல. என்னான்னு பாருங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் நாலாவது வரை தமிழ் படித்தவள். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது, அவசரம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு எனக்கு நாலு பேச்சு வரும், என் கையெழுத்து வரும், அவ்வளவுதான். ஆனால் தெருவில் யாருக்குப் பிரெஞ்சுக் கடுதாசி வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். சொல்தா வீட்டு அம்மா அல்லவா. முத்திரை, தாளின் நிறம், எந்த ஆபீசிலிருந்து வந்தது என்று பார்த்தே முக்கால்வாசி சொல்லிவிடுவேன். இருபது வருஷம் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கம். வருஷா வருஷம் வருகிற தாள்கள்தானே. தப்பியதில்லை. தெரியாது என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கட்டத்தையும் பார்த்தேன். முத்திரை இல்லை. மேலே கறுப்பாக ஒரு பெரிய வார்த்தை, கீழே பொடி எழுத்து. புதுச் சாமான் வாங்கினால் முதலில் போடுவார்களே, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"தண்ணி படக் கூடாது, கீழ போடக் கூடாது, வெயில்ல வெக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றேன்.

"அதுக்கா இவ்ளோ?" என்றாள் ஓரகத்தி.

"வெள்ளைக்காரன் எதையும் விரிச்சுத்தான் எழுதுவான்."

வெயிலில் வைக்கக்கூடாது என்று என் வாயாலேயே வந்துவிட்டது. அப்போதே டிவி கண்ணாடியில் தெரு வெளிச்சம் அடிக்கிறது, ஆள் தெரியவில்லை என்று பெண் சிணுங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பலகைக் கதவைச் சாத்தினேன். அதுவும் போதாதென்று வீட்டுக்காரருடைய பழைய ராணுவக் கம்பளியை எடுத்துக் கம்பியில் மாட்டினேன். அறை கிணறு மாதிரி ஆனது. அந்த இருட்டில் டிவி மின்னும்போதெல்லாம் அவள் முகம் வெள்ளையாகும், கறுப்பாகும், வெள்ளையாகும். ரெண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

தவசு காலம் ஆரம்பித்தது. "நாப்பது நாளாச்சும் அதை மூடி வைடி. ஆண்டவர் பாடுபடற காலத்துல என்ன ஆட்டம்?" என்றாள் ஓரகத்தி. "வெள்ளிக்கிழமை மட்டும் மூடறேம்மா," என்று பேரம் பேசினாள் மகள். நான்தான் விடச் சொன்னேன். அந்தப் பையனோடு பழகிக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது?

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் முதல் தடவை பார்த்தேன். டிவியில் அந்த ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். என்னடா, திருப்பாமல் இருக்கிறாளே என்று இவளைப் பார்த்தேன். கட்டை கையில் இருக்கிறது. கண் திறந்திருக்கிறது. ஆனால் அவள் அங்கே இல்லை. இமை மட்டும் பட்டாம்பூச்சி மாதிரி அடித்துக்கொள்கிறது.

"ஏய், பாப்பா," என்றேன்.

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். சட்டென்று திரும்பி, "என்ன பெரிம்மா?" என்றாள். நான் முதலில் கூப்பிட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

என் கையிலிருந்த மொச்சை கீழே கொட்டியது. ஏனென்றால் அந்தக் கண்ணை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஆட்டுக்கல் முன்னால் குழவியைப் பிடித்தபடி அப்படித்தான் நின்றுபோவாள். பிறகு ஒரு நாள் எரிகிற அடுப்பு மேல் விழுந்தாள். அதற்கப்புறம் அவளை யாரும் பெண் கேட்டு வரவில்லை. பின்கட்டு அறையில் இருந்தாள், அந்த அறையிலேயே போனாள். வலிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

இவள் என் ரத்தம் இல்லையே, கொழுந்தன் மகள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்கு இரண்டரை மாசம் இருந்தது.

அதற்கப்புறம் பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகும். காலையில் எழுந்ததும் அவள் கை வெடுக்கென்று உதறும். ஒரு நாள் காபி டம்ளர் கையிலிருந்து பறந்து சுவரில் மோதியது.

"மாப்பிள்ளை நெனப்பு," என்றாள் ஓரகத்தி தரையைத் துடைத்துக்கொண்டே. "அங்க போயி அவன் மூஞ்சியில விசிறிடாத."

மூணு பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்து சிரித்தது நான் ஒருத்திதான்.

பாஸ்காப் பண்டிகை முடிந்து ரெண்டாம் ஞாயிறு அன்றைக்கு எங்கள் பெண்ணின் முதல் ஓலையை வாசித்தார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூணு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்யப்போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. ஆயிரம் ஓலை கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி வரி வரும்போது எல்லாரும் எழுந்திருக்கிறதற்குப் புடவையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு நான் கேட்டேன். ஒலிபெருக்கி எனக்கு நேர் மேலே இருந்தது. தெரிந்தவர்கள், சொல்லக் கடமைப்பட்டவர்கள். பக்கத்தில் எங்கள் பெண் தன் பேர் வாசித்த வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை ஓரகத்தி ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கச் சாரம் தையல் கடைக்குப் போயிருந்தாள். மத்தியானம் மூணு மணி இருக்கும். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முன் அறையில் ஆட்டத்துப் பாட்டுச் சத்தம் கேட்டபடி இருந்தது. நடுவில் ஒரு சத்தம். மனுஷர் தொண்டையிலிருந்து வருகிற சத்தம்தான், ஆனால் மனுஷர் சத்தம் மாதிரி இல்லை. பிறகு பொத்தென்று விழுகிற சத்தம்.

போய்ப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். உடம்பு முழுக்க வெட்டிக்கொண்டிருந்தது. வாயில் நுரை, நுரையில் ரத்தம். பின்னால் டிவி அது பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்தேன். இரும்பு பட்டால் நிற்கும் என்று சின்னம்மாவுக்குச் செய்வார்கள். அது தானாகத்தான் நின்றது என்று பிறகு டாக்டரம்மா சொன்னாள். நின்ற பிறகு அவள் குறட்டை விடுகிற மாதிரி மூச்சு விட்டாள். நான் வாயைத் துடைத்தேன். பாவாடையை மாற்றினேன். தரையைக் கழுவினேன். பினாயில் போட்டுக் கழுவினேன். டிவியை அணைத்தேன். எல்லாம் ஓரகத்தி வருவதற்குள்.

அரை மணி கழித்துக் கண்ணைத் திறந்தாள். "தல வலிக்குது பெரிம்மா. நாக்கு எரியுது. என்னா ஆச்சு?"

"தூங்கிட்ட. தூக்கத்துல நாக்கக் கடிச்சிக்கிட்ட."

"தரையிலயா தூங்கினேன்?"

"சூட்டுக்குச் சில்லுன்னு இருக்குன்னு நீதான் படுத்த."

அவள் குனிந்து இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "பாவாடை வேற மாதிரி இருக்கே?"

"காபி கொட்டிக்கிட்ட, மாத்திவிட்டேன்."

நம்பினாள். நான் தூக்கி வளர்த்த பெண். என் பேச்சை நம்பாமல் எங்கே போவாள்?

ரெண்டாவது ஓலை. அந்தக் கடைசி வரி வரும்போது நான் கையிலிருந்த ஜெபமாலையை எண்ணப் பார்த்தேன். ஒரு மணியும் நகரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் நற்கருணையும் வாங்காமல் உட்கார்ந்தே இருந்தேன். "ஏன் அக்கா எழுந்திருக்கல?" என்றாள் ஓரகத்தி. "முழங்கால் வலி," என்றேன்.

கேட்பீர்கள், டாக்டரிடம் போயிருக்கலாமே என்று. டாக்டரிடம் போனால் சீட்டு எழுதுவார். சீட்டு இருந்தால் மருந்து. மருந்து இருந்தால் ஒரு நாள் பையன் வீட்டுக்குத் தெரியும். கல்யாணம் ஆகிப் பிரான்சுக்குப் போய்விட்டால் அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். அதற்குள் அவள் அடுப்பங்கரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்தேன். அதற்காக ஸ்டவ்விடம் அவளை விடாமல் எல்லாச் சமையலையும் நானே செய்தேன். கிணற்றடிக்குத் தண்ணி எடுக்கவும் நானே போனேன். "ராணி மாதிரி வெச்சிருக்கீங்க அக்கா," என்று ஓரகத்தி சந்தோஷப்பட்டாள். ஆட்டத்தையும் தலைவலி என்று சொல்லி நிறுத்தப் பார்த்தேன். ஆனால் காரணம் என்று எதைச் சொல்லுவது? பெண் கேட்கவில்லை.

மூணாவது ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா பிரான்சிலிருந்து வந்து இறங்கினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு வெள்ளை கவுனும் தலைத்துணியும் கொண்டுவந்திருந்தாள். நல்ல மனுஷி, வாய் ஓயாது. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பெண் ஆசையாக, "அத்தை, ஒங்க பிள்ளையை எப்படி ஜெயிக்கிறேன் பாருங்க," என்று முன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

சம்பந்தியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "என்னா இது, இப்படி இருட்டு கட்டி வெச்சிருக்கீங்க?"

"வெளிச்சம் அடிக்குதுன்னு பெரிம்மா மாட்டிவிட்டாங்க," என்றாள் பெண்.

"ஐயோ, கூடாதும்மா! புஸ்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருப்பானே. இவன் சின்னதா இருக்கச்சே நான் தெனம் கத்துவேன்." டப்பாவைத் திறந்து அந்தச் சின்னப் புஸ்தகத்தை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள்.

வெளிச்சமான அறையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். டிவியிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். தூக்கம் இல்லாதபோது விளையாடக்கூடாது. மின்னுகிற வெளிச்சத்தைப் பார்த்தால் சில பேருக்கு வலிப்பு வரும், அதுவரை ஒரு நாளும் வராதவர்களுக்குக் கூட வரும். கண் இமை துடித்தால், கை கால் தானாக உதறினால், கொஞ்ச நேரம் நினைவு தப்பினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அவள் பாட்டுக்குச் சாதாரணமாக வாசித்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றாக, நான் பார்த்த வரிசையிலேயே, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைத்த மாதிரி இருந்தது. மூணு மாசமாக அந்தத் தாள் என் வீட்டில் டிவி மேலேயே கிடந்தது.

புஸ்தகத்தை மூடிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்குத்தான் பிரெஞ்சு நல்லா வருமே அக்கா. நீங்க படிக்கலியா?"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். பெண்ணும் பார்த்தாள்.

"படிச்சேன்," என்றேன். "மறந்துபோச்சு."

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நாக்கு அந்த வார்த்தையைத்தான் எடுத்துக் கொடுத்தது. சம்பந்தியம்மா சிரித்துவிட்டு, தானே போய்க் கம்பளியை அவிழ்த்து ஜன்னலைத் திறந்தாள். பெண் தள்ளி உட்கார்ந்து பத்து நிமிஷம் விளையாடினாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பத்து நிமிஷம் நான் அவள் இமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு அரை மணி முன்னாலேயே நான் தனியாகக் கிளம்பிக் கோயிலுக்குப் போனேன். சாமியார் உடுப்பு மாட்டுகிற அறையில் இருந்தார். வயசில் என்னைவிட ரொம்பச் சின்னவர்.

"சாமி, எங்க பொண்ணு ஓலைய இன்னிக்கு வாசிக்காதீங்க."

"ஏம்மா? என்ன தடை?"

"பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. எனக்குத் தெரியும். தவசு காலத்துலேர்ந்து தெரியும்."

அவர் கையிலிருந்த புஸ்தகத்தைக் கீழே வைத்தார். "அது சீக்கும்மா. திருச்சபைச் சட்டத்துல அது தடை இல்ல. ஆனா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியணும். தெரியுமா?"

"தெரியாது."

"பொண்ணு என்ன சொல்லுது?"

 

"அவளுக்கும் தெரியாது சாமி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. "தன் உடம்புல இருக்கறது அந்தப் பொண்ணுக்கே தெரியாதா? மொதல்ல அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க. பூசைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. ஓலை வேணுமா வேணாமான்னு அது வந்து சொல்லட்டும்."

வெளியே வந்தேன். ரெண்டாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஓரகத்தியும் சம்பந்தியம்மாவும் உள்ளே போய்விட்டார்கள். பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்து மாதா கெபிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வலிப்பு என்றும், ஓலை வேண்டுமா என்று சாமியார் கேட்கிறார் என்றும் மணிச் சத்தத்தில் ரெண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு நாக்கின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். காயம் ஆறித் தழும்பாக இருந்தது.

"அப்ப அன்னிக்கு… தரையில…"

"ஆமா."

"பாவாடை?"

"ஆமா."

"எத்தினி தடவ?"

"விழுந்தது ஒரு தடவ. நெனவு தப்பறது நான் பார்த்து ஏழெட்டுத் தடவ."

"அந்தப் புஸ்தகத்துல இருந்துச்சே எல்லாம். நீங்க படிச்சிட்டா சும்மா இருந்தீங்க?"

"படிக்கல. எனக்குப் படிக்க வராது. எந்தக் கடுதாசியும் வராது."

கடைசியாகச் சொன்னதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இத்தனை வருஷம் நான் மூடிவைத்தது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. அவள் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூம்ல விழுந்திருந்தா? ரோட்ட தாண்டச்சே வந்திருந்தா? நேத்துக் கூடச் சைக்கிள்ல பீச்சுக்குப் போனேனே பெரிம்மா."

அடுப்பையும் கிணற்றையும் நினைத்த நான் சைக்கிளை நினைக்கவில்லை.

அவள் கையை விடுவித்துக்கொண்டு நேராகச் சாமியார் அறைக்குப் போனாள். ரெண்டு நிமிஷத்தில் வெளியே வந்து என்னைத் தாண்டிக் கோயிலுக்குள் போய்ப் பெண்கள் பக்கம் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தம்மா சிரித்த முகமாக நகர்ந்து இடம் கொடுத்தாள். பெண் அவள் காதருகே குனிந்தாள். நான் வாசலில் தூண் ஓரமாக நின்று ரெண்டு முதுகையும் பார்த்தேன். ஒரு முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பிரசங்கம் முடிந்து ஓலை வாசித்தார்கள். ரெண்டு ஜோடியின் பேர் வந்தது. எங்கள் பெண்ணின் பேர் வரவில்லை. ஓரகத்தி திரும்பிக் கூட்டம் முழுக்க என்னைத் தேடினாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையில் வயர் ஒட்டி, கண் முன்னால் விளக்கை மின்ன விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, பார்த்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா," என்றாள். கல்யாணத்துக்கு இது தடையே இல்லை, மாத்திரை விடாமல் சாப்பிட்டால் முக்கால்வாசிப் பேருக்கு நின்றுவிடும் என்றும் சொன்னாள்.

பையன் ஞாயிறுதோறும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். நான்தானே அந்தப் பெட்டியை அனுப்பினேன் என்று அழுதானாம். ஆனால் அவன் அம்மா கவுனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னிடம், "சீக்குக்காக இல்ல அக்கா. அன்னிக்கு என் கண்ணைப் பார்த்துப் படிச்சேன்னு சொன்னீங்களே, அதுக்காக," என்றாள். ஆடி மாசம் பையனிடமிருந்து போன் வருவது நின்றது. சம்பந்தம் முறிந்தது சீக்கால் அல்ல, என்னால் என்று ஓரகத்திக்குத் தெரியும். பின் பாகத்துக் கதவை அதற்கப்புறம் சாத்தியே வைத்தாள்.

பெண் வேலைக்குப் போகிறாள். ரெண்டு வேளை மாத்திரை. விழுந்து வருஷக் கணக்கு ஆகிறது. இருந்தாலும் எப்போதாவது தூக்கம் கெட்ட மறுநாள், பேசிக்கொண்டே இருப்பவள் ஒரு கணம் நின்றுவிடுவாள். இமை அடிக்கும். நான் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருப்பேன். திரும்பி வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"வந்துச்சா?" என்பாள்.

"வந்துச்சு," என்பேன். சில நாள் வராமலே கேட்பாள், அப்போது "இல்ல" என்பேன். ரெண்டுக்கும் அவள் அதே மாதிரிதான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.